‘அவன் எந்தத் தெரு?’: குழந்தைகளின் நட்பும் குடும்பத்தின் சாதியும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் குடும்ப உறவு, நட்புறவு குறித்து உளவியலில் நடந்துள்ள ஆய்வுகளைச் சாதி ஒழிப்பு நோக்கிலிருந்து பேசும்படி கேட்டிருந்தீர்கள். உளவியலில் ஆய்வு செய்கிற மாணவர் என்ற முறையில் எனக்கும் இது நெடுநாள் கேள்விதான்.

உளவியல் பாடநூலைத் திறந்தால் குடும்பத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். சகவயதினருக்கு இன்னோர் அத்தியாயம் இருக்கும். முதலாவதில் பாசம், கண்டிப்பு, வளர்ப்பு முறை. இரண்டாவதில் விளையாட்டு, நட்பு, சண்டை, ஒதுக்கிவைத்தல். காலையில் குழந்தை வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போகிறது, மாலையில் திரும்பி வருகிறது, இரண்டும் வேறு வேறு உலகம் என்பது போல அந்த நூல்கள் பேசும். நம் ஊரில் அந்தக் கதவருகே யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். “யார்கூட விளையாடுன?” “அவன் எந்தத் தெரு?” “அவங்க அப்பா என்ன பண்றாரு?” பல வீடுகளில் சாதி என்ற சொல் குழந்தையின் காதில் விழுவதற்கு வெகு முன்பே இந்தக் கேள்விகள் விழுந்துவிடுகின்றன.

இன்று நான் சொல்ல விரும்புவது ஒன்றைத்தான். குழந்தை சாதியை ஒரு கொள்கையாகக் கற்பதில்லை. யாரோடு சேரலாம், யார் வீட்டுக்குப் போகலாம், யார் கையால் வாங்கித் தின்னலாம் என்று நட்புக்குப் போடப்படும் எல்லையாகக் கற்கிறது. அந்த எல்லையைப் போடுகிறவர்கள் பெரியவர்கள். அழிக்க வேண்டியவர்களும் அவர்களே. ஒதுக்கப்பட்ட குழந்தையின் மன உறுதியை நம்பி அந்த வேலையை ஒப்படைத்துவிட முடியாது.

நட்பு ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், தெரேசியன்ஸ்டாட் என்ற நாஜி முகாமிலிருந்து ஆறு யூதக் குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று வயது அளவிலான பிள்ளைகள். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அன்னா ஃப்ராய்டும் சோஃபி டானும் இக்குழந்தைகளைக் கவனித்து 1951இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரியவர்களைக் கண்டால் அடிக்கவும் கடிக்கவும் செய்த அந்தப் பிள்ளைகள், தங்களுக்குள் ஒருவரை ஒருவர் பிரியவே மறுத்தார்கள். ஒருவருக்குக் கிடைத்த உணவு மற்றவருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தார்கள். அதே ஆண்டுகளில்தான் தாய்க்கும் குழந்தைக்குமான பிணைப்பே அடிப்படை என்று ஜான் பௌல்பி எழுதிக்கொண்டிருந்தார். அது பொய்யில்லை. ஆனால் தாய் தகப்பன் என யாருமே இல்லாத இடத்தில் ஒரு குழந்தையின் மனதை இன்னொரு குழந்தை தாங்கிப் பிடிக்க முடியும் என்பதை அந்த ஆறு பேரும் காட்டினார்கள்.

அதற்கு முன்பே, 1932இல், ழான் பியாஜே குழந்தைகளின் அறவுணர்வு பற்றிய தம் நூலை வெளியிட்டிருந்தார். சிறுவர்கள் கோலிக்குண்டு ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும், அவர்களோடு பேசியும் எழுதிய நூல் அது. பெரியவர்கள் கொடுக்கிற விதியைச் சிறு குழந்தை தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறது. சமமான கூட்டாளிகளோடு ஆடத் தொடங்கிய பிறகுதான், விதி என்பது நாம் கூடிப் பேசி வைத்துக்கொள்வது, நியாயமில்லை என்றால் மாற்றலாம் என்று அதற்குப் புரிகிறது. நியாயம் என்ற உணர்வு கட்டளையில் பிறப்பதில்லை, சமமானவர்களுக்கு இடையிலான விளையாட்டில் பிறக்கிறது என்பது பியாஜேயின் முடிவு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சமமானவர்களோடு ஆடித்தான் நியாயம் பிறக்கும் என்றால், யார் சமம் என்பதை முன்கூட்டியே வீடு முடிவு செய்துவிட்ட குழந்தைக்கு என்ன ஆகும்? தன் சாதிப் பிள்ளைகளோடு மட்டும் ஆடும் சிறுவனுக்குத் தன் சாதிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு நியாயம் கிடைக்கும். பங்காளிக்கு விட்டுக்கொடுப்பான், தோழனுக்காக அடி வாங்குவான். ஆனால் அடுத்த தெருப் பையன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

அப்படியென்றால் பாகுபாடு குழந்தையின் இயல்பிலேயே இருக்கிறதா? “பிள்ளைங்க தானா இனம் இனமாத்தான் சேரும்” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

பிறந்த சில நாட்களே ஆன குழந்தைகளிடம் வெவ்வேறு இனத்தவரின் முகங்களைக் காட்டினால், அவை எந்த இனத்தின் முகத்தையும் கூடுதலாக விரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் ஆகும்போது, தம்மைச் சுற்றிப் பார்த்துப் பழகிய இனத்தவரின் முகத்தையே அதிக நேரம் பார்க்கின்றன. 2005இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, இஸ்ரேலில் கறுப்பு முகங்களையும் வெள்ளை முகங்களையும் ஒருங்கே பார்த்து வளரும் எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை என்று கண்டது. யாருடைய முகம் பழக்கமாகிறது என்பது, யார் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், யார் வீட்டுக்குள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நிலத்தில் இந்தப் பழக்கம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

பழக்கம் வேறு, பாகுபாடு வேறு. பழக்கத்தைப் பாகுபாடாக மாற்றுவது எது? அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். கோடைக்காலப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு நிறச் சட்டைகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்தினார்கள். நீலச் சட்டைக்காரர்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள் அந்த வரிசையில் நில்லுங்கள், அவ்வளவுதான். எந்த நிறமும் உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. வேறு வகுப்புகளில் அதே சட்டையைப் போட்டிருந்தார்கள், ஆனால் ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, ஆசிரியர் நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில் பிள்ளைகள் ‘எங்கள் நிறமே சிறந்தது’ என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். மற்ற வகுப்புகளில் அப்படி எதுவும் உருவாகவில்லை.

2001இல் அவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ஒரு நிறத்தவர் முன்பு நிறைய வென்றவர்கள், திறமையானவர்கள் என்று காட்டும் படங்களை வகுப்பில் மாட்டி வைத்தார்கள். இம்முறை ‘நாங்களே உசத்தி’ என்ற எண்ணம் வளர்ந்தது, படத்தில் உயர்வாகக் காட்டப்பட்ட குழுவின் பிள்ளைகளிடம்தான்.

நம் தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறம். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, அது செயலுக்கு வராமலே போனது. கயிற்றை மாணவன்தான் கட்டுகிறான். ஆனால் அந்த நிறத்துக்குப் பொருள் கொடுப்பது யார்? தெருமுனையில் அதே நிறத்தில் சாதிச் சங்கக் கொடிக்கம்பம் நடுகிறவர்கள், திருவிழாப் பதாகையில் ‘ஆண்ட பரம்பரை’ என்று அச்சிடுகிறவர்கள், அதைப் பார்த்தும் பேசாமல் போகும் ஆசிரியர்கள். பிக்லரின் வகுப்பில் சுவரில் மாட்டிய படங்கள் செய்த வேலையை இங்கே பதாகைகள் செய்கின்றன.

இனி வீட்டுக்குள் வருவோம். ஆதிக்க சாதி வீடுகளில் பெற்றோர் குழந்தையை உட்கார வைத்துச் சாதிப் பாடம் நடத்துவது அபூர்வம். கற்பிப்பதெல்லாம் சின்னச் சின்ன நடைமுறைகள். வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் குவளை. மகனின் ஒரு நண்பன் அடுப்படி வரை வருகிறான், இன்னொருவன் வாசலிலேயே நிற்கிறான். ஒருவனைப் பெயர் சொல்லியும் இன்னொருவனைத் தெருவின் பெயராலும் அழைக்கிறார்கள். பிறந்த நாளுக்கு யாரை அழைப்பது என்று பட்டியல் போடும்போது ஒரு பெயர் வந்ததும் அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குழந்தை அந்தப் பார்வையைப் படித்துவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பெயரை அதுவே விட்டுவிடும்.

பெண் குழந்தை என்றால் காவல் இன்னும் கடுமை. பூப்பெய்தும் வரை தெருவில் கபடி ஆடிய பெண், ஒரே வாரத்தில் யாரோடெல்லாம் பேசக் கூடாது என்ற பட்டியலோடு வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். அகமணத்துக்கு முதல் ஆபத்து காதலில் வருவதில்லை, அதற்குப் பத்து வருடம் முன்பு நட்பில் வருகிறது. குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆணவக் கொலைகளைப் பற்றிப் பேசும் நாம், அதே காவலின் தொடக்க வடிவமான இந்த நட்புத் தணிக்கையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

குழந்தைகள் சேர்ந்து உண்பதா வேண்டாமா என்பது தமிழ்நாட்டு அரசியலுக்குப் புதிதல்ல. நூறாண்டுக்கு முன், சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்று நடந்த குருகுலம் அது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அப்படி நிபந்தனை வைத்திருக்கிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை ஏற்கவில்லை. 1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறுவதற்கு முன்னிருந்த முக்கியமான சண்டைகளில் அதுவும் ஒன்று. ஒரு விடுதியில் சில பிள்ளைகளின் சாப்பாட்டுப் பந்தி என்று அவர்கள் அதைச் சின்ன விஷயமாக எண்ணவில்லை.

‘பெற்றோரின் விருப்பம்’ என்ற அந்தக் காரணம் இன்னும் சாகவில்லை. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்கள் தெருவுக்கு எதுவும் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதைப் படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது.

பாஞ்சாகுளத்தில் பெரியவர்களுக்கு இடையே இருந்த பகையைக் குழந்தைகளின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கரூரில் வீட்டின் சாதியைக் குழந்தையின் தட்டில் வைத்தார்கள். பசியோடு தட்டை ஒதுக்கிவைத்த அந்தப் பிள்ளை அன்று என்ன கற்றிருக்கும் என்று யோசியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிற வகுப்புத் தோழி தன்னைப் போன்றவள் இல்லை என்று கற்றிருக்கும்.

ஒதுக்கப்படும் குழந்தைக்கு என்ன நேர்கிறது? கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் இணையரின் பொம்மை ஆய்வு பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கும் பழுப்பு, வெள்ளைப் பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டால், மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். உன்னைப் போல இருக்கும் பொம்மை எது என்று கடைசியாகக் கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வும் அதில் சுட்டப்பட்டது.

நம் நாட்டில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் இருபது ஆண்டுகளுக்கு முன் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டவற்றுக்குக் காசு உண்டு. சாதியைச் சொல்லாதபோது உயர்சாதிச் சிறுவர்களுக்கும் தலித் சிறுவர்களுக்கும் இடையே திறமையில் வித்தியாசம் இல்லை. ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை குறைந்துபோனது. அதே சிறுவன், அதே தாள், அதே பென்சில். இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. “எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எந்திரிங்க” என்று நம் வகுப்பறைகளில் கேட்கும் அந்தக் குரலுக்கு என்ன விலை என்பதை இந்த ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது.

அளவுகோலுக்குள் அடங்காததும் இருக்கிறது. சதாராவில் பள்ளி மாணவனாக இருந்த அம்பேத்கர், மற்றப் பிள்ளைகள் அமரும் இடத்தில் அமர முடியாமல், வீட்டிலிருந்து சாக்கு ஒன்றைக் கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்ததை எழுதியிருக்கிறார். அந்த வகுப்பில் அவரோடு எத்தனையோ பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஒருவரும் அந்தச் சாக்கின் பக்கம் வந்து உட்கார முடியாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா விட்டுச்சென்ற கடிதத்திலும், மீளவே முடியாத ஒரு குழந்தைப் பருவத் தனிமை பேசப்படுகிறது. தோழனில்லாத பால்யம் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் கூடவே வரும்.

இங்கே தலித் குடும்பத்தின் வேலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் இனவெறியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. டயான் ஹியூஸ் முதலானோர் 2006இல் அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். தம் மக்களின் வரலாற்றையும் பெருமிதத்தையும் சொல்லி வளர்ப்பது ஒன்று. பாகுபாட்டை எதிர்கொள்ள ஆயத்தப்படுத்துவது இன்னொன்று. யாரையும் நம்பாதே என்று எச்சரிப்பது வேறொன்று. எல்லோரும் சமம் என்று மட்டும் சொல்வதும் உண்டு. இவற்றில் பெருமிதம் ஊட்டும் வளர்ப்புதான் குழந்தையின் தன்மதிப்போடு அதிகம் சேர்ந்து காணப்படுகிறது.

சேரியில் ஒரு தாய் இந்த நான்கையும் ஒரே நாளில் செய்ய வேண்டியிருக்கிறது. மகன் ஊர்த் தெருவில் உள்ள கூட்டாளி வீட்டுக்குப் போகிறேன் என்கிறான். போ என்றால் வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவார்களோ என்ற பயம். போகாதே என்றால் தன் வாயாலேயே சாதியைச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். அந்தத் தாய் மகனைத் தடுப்பதும் ஆதிக்க சாதித் தாய் தன் மகனைத் தடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். “ரெண்டு பக்கமும் சேர விடமாட்டேங்கறாங்க” என்று சமப்படுத்திப் பேசுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒருவர் பிள்ளையைக் காப்பாற்றுகிறார், மற்றவர் சாதியைக் காப்பாற்றுகிறார். நம் சேரிகளில் அம்பேத்கர் பெயரில் நடக்கும் இரவுப் பாடசாலைகளும், ஏப்ரல் 14 அன்று பிள்ளைகளை மேடையேற்றும் விழாக்களும் சும்மா நடக்கவில்லை. ஹியூஸ் சொன்ன அந்த முதல் வேலையை, தனித்தனித் தாய்மார்களின் தலையில் விடாமல் தெருவே சேர்ந்து செய்துகொண்டிருக்கிறது.

என் துறையின் மீதும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. ஒதுக்கப்படும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று கேட்கும் அளவுக்கு, ஒதுக்கும் குழந்தை எப்படி உருவாக்கப்படுகிறது என்று உளவியல் கேட்பதில்லை. கிளார்க் 1955இல் எழுதிய நூலில் வெள்ளைக் குழந்தைகளையும் பற்றிப் பேசினார். ஆனால் பொதுவெளியில் நின்றது கறுப்பினக் குழந்தையின் காயம் மட்டும்தான். இந்தியாவிலும் அப்படியே. விதிவிலக்குகளில் ஒருவர் ராமசாமி மகாலிங்கம். தமிழ்நாட்டில் பிராமணர்களிடமும் தலித்துகளிடமும் அவர் செய்த ஆய்வில், சாதி என்பது பிறப்போடு உடம்பில் வரும் மாறாத தன்மை என்ற எண்ணம் பிராமணர்களிடம் கூடுதலாக இருந்தது. அது சமூகத்தால் உண்டாக்கப்பட்டது என்ற பார்வை தலித்துகளிடம் இருந்தது. அறிவியல்படி எது சரி என்று உங்களுக்கே தெரியும். திருத்தம் தேவைப்படுகிற மனம் யாருடையது என்பதும் அதில் தெரிகிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, அவரோடு ஒரே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தன்னைத் துன்புறுத்துவதை அவர் பள்ளியில் சொன்னதுதான் அதற்கு முன்னால் நடந்தது. அதன் பிறகு எல்லாப் பக்கமும் கேட்ட சொல் ‘கவுன்சலிங்’. மாணவர்களுக்கு ஆலோசனை தேவைதான். ஆனால் உளவியலின் சொற்களில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘மாணவர் மோதல்’, ‘சகவயதினர் வன்முறை’ என்று பெயரிட்டால் இரண்டு பையன்களுக்கு இடையே ஏற்பட்ட மனக்கசப்பு போல ஆகிவிடும். அரிவாளைத் தூக்கிய பதினேழு வயதுக் கையின் பின்னால் ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு சாதிச் சங்கம் இருப்பது மறைந்துவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ‘மன உறுதிப் பயிற்சி’ கொடுத்து அதே வகுப்பறைக்கு அனுப்பினால், தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள் என்றுதான் அதற்குப் பொருள்.

சரி, மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளோடு.

வெறுமனே ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது போதாது. கிளார்க்கின் ஆய்விலேயே, வெள்ளையரோடு ஒரே பள்ளியில் படித்த வடபகுதிக் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை மீதான விருப்பம் குறையவில்லை. 1954இல் கார்டன் ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். சந்திக்கிறவர்கள் அந்த இடத்தில் சமமாக இருக்க வேண்டும். பொது இலக்கு வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். மேலதிகாரமும் சட்டமும் அந்தச் சமத்துவத்தின் பக்கம் நிற்க வேண்டும்.

இந்திய ஆய்வுகள் இரண்டு இதை உறுதிப்படுத்துகின்றன. தில்லியின் வசதியான தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. கௌதம் ராவ் அந்த வகுப்புகளை ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் கூடுதல் ஈகையோடு நடந்துகொண்டார்கள். ஓட்டப் போட்டிக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைச் சிறுவனை ஒதுக்குவது அவர்களிடம் குறைந்திருந்தது. சில பள்ளிகள் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தன. அந்தத் தற்செயலால் ஏழைப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் நெருங்கிப் பழகியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று அவர் கண்டார். அது வர்க்கம் பற்றிய ஆய்வு, சாதி பற்றியது அல்ல. சாதியை நேராக எடுத்தவர் மாட் லோ. உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டித் தொடர் ஒன்றை நடத்தினார். பல சாதியினர் கலந்த அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. வேறு சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் பொதுவாக அதற்கு எதிர்மாறாகவே நடந்தது.

நம் ஊர்த் திருவிழாக் கிரிக்கெட்டையும் கபடியையும் நினைத்துப் பாருங்கள். தெருவுக்கு ஓர் அணி, அந்தத் தெருவின் சாதித் தலைவர் பெயரில் சட்டை. ‘விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும்’ என்று பரிசளிப்பு விழாவில் பேசுவார்கள். தெருவுக்கு எதிராகத் தெரு ஆடும் ஆட்டம் எதை வளர்க்கும் என்பதை லோவின் ஆய்வு சொல்லிவிட்டது.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது, சாதிக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்ற அடையாளங்களைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துக் கேட்காமல் மாணவரைத் தனியே அழைத்துப் பேசுவது என்று அதில் பல பரிந்துரைகள் உண்டு. இவை அற்ப விஷயங்கள் என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ராவின் அகர வரிசையையும், பிக்லரின் சட்டை நிறத்தையும், உத்தரப் பிரதேசத்துப் புதிர்த் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழந்தையின் மனதில் சாதி நுழைகிற வாசல்களைத்தான் இவை அடைக்கின்றன என்று புரியும். அறிக்கையை முழுமையாகச் செயல்படுத்தச் சொல்லிக் கேட்பது நம் இயக்கங்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இங்கே இருப்பவர்களில் சிலர் ஆசிரியர் ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். எல்லோரும் ஏற்கெனவே யாருக்கோ அண்ணனாக, அக்காவாக, டியூஷன் எடுப்பவராக இருக்கிறீர்கள்.

ஆதிக்க சாதிக் குடும்பங்களிலிருந்து வந்த முற்போக்குத் தோழர்களுக்கு ஒன்று. ‘எங்க வீட்ல சாதியே பேசமாட்டோம்’ என்பதைச் சாதனையாக எண்ணாதீர்கள். பேசாவிட்டாலும் தெரு பேசும், சட்டை நிறம் பேசும். உங்கள் வீட்டுக் குழந்தைகளின் நண்பர்களில் யார் அடுப்படி வரை வருகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பாட்டியோ சித்தப்பாவோ கேட்கும் அந்தத் ‘தெரு’க் கேள்வியைக் குழந்தையின் முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள். பெரியவர்கள் சொல்வது மாற்ற முடியாத விதி என்று நினைக்கும் வயதில், இன்னொரு பெரியவர் அதை மறுப்பதைப் பார்ப்பதே அந்தக் குழந்தைக்குப் பெரிய பாடம்.

அணி சேர்க்கும்போது தெருக்களைக் கலந்து சேருங்கள். கலைநிகழ்ச்சி, அறிவியல் கண்காட்சி, நூலகப் பொறுப்பு எதுவானாலும், தலித் பிள்ளை அதில் உடன் வருபவராக மட்டும் இல்லாமல் முன்னின்று நடத்துபவராகவும் இருக்கும்படி பாருங்கள். ஆல்போர்ட் சொன்ன சமநிலை அப்போதுதான் வரும்.

இன்னொன்று, நாம் அதிகம் யோசிக்காதது. ‘கலந்து பழகுதல்’ என்று நாம் சொல்லும் எல்லாவற்றிலும் நடந்து போகிறது தலித் குழந்தைதான். பள்ளி ஊருக்குள், நூலகம் ஊருக்குள், திடல் ஊருக்குள். போகும்போது பயமும் திரும்பும்போது அவமானமும் அந்தக் குழந்தைக்கே. ஊர்த் தெருப் பிள்ளை சேரிக்கு வந்து, நண்பன் வீட்டில் உட்கார்ந்து, அவன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவது எத்தனை ஊரில் நடக்கிறது? இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் ஊர்த் தெருப் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும். ஊர்த் தெருத் தோழர்கள் தம் வீட்டுப் பிள்ளைகளைக் கைபிடித்து அங்கே கூட்டிவர வேண்டும். எதிர்ப்பு வரும். அதைத் தாங்க வேண்டியது கூட்டிவருகிற பெரியவர்கள்.

அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் படித்தார். ஜனநாயகத்தையும் குழந்தைக் கல்வியையும் பிரிக்க முடியாதவையாகப் பார்த்தவர் டூயி. பிரிந்து கிடக்கும் கூட்டங்களுக்கு இடையே அனுபவங்கள் தடையின்றி ஊடுருவிப் பாய்ந்தால்தான் ஜனநாயகம் என்ற எண்ணத்தை, ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் சகோதரத்துவத்துக்கு விளக்கமாக எடுத்தாண்டார். பின்னாளில் பௌத்தத்தில் அவர் கண்ட மைத்ரியும் அந்த வழியில் வந்ததுதான். சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் சட்டம் எழுதலாம். சகோதரத்துவத்துக்கு ஆட்கள் பழக வேண்டும். பழகும் வயது ஐந்தும் ஆறும் ஏழும். அந்த வயதுப் பிள்ளைகள் இப்போது எந்தத் தெருவில், யாரோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனிப்பது இயக்க வேலைதான் தோழர்களே.

இனி உங்கள் கேள்விகள்.